பழைய பேரில் ஒரு கணக்கு

பிரே
பௌத்த ஆண்டு 2567, ஜூலை 1

தூய்க்கு,

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. படித்து முடி.

ஜூன் நடுவில் உன்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். கணக்கு மென்பொருளில், அதுதான் நீ பெருமையாக நிறுவிக் கொடுத்த அந்தச் 'சிவப்புப் பை'யில், என் வங்கிக் கணக்கு இரண்டாகத் தெரிகிறது, முப்பத்தோராயிரம் பாத் இருக்கிற இடத்தில் அறுபத்திரண்டாயிரம் காட்டுகிறது, சரி பண்ணு என்றேன். நீ ராயோங்கில் உட்கார்ந்தபடியே என் கணினிக்குள் வந்து ஐந்து நிமிடத்தில் "முடிஞ்சுதுக்கா" என்றாய். நானும் நம்பினேன். இன்று வக்கீல் அம்மா கேட்டார் என்று ஒன்பது வருஷக் கணக்கையும் அச்செடுக்கப் போனால், ஜனவரிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் ஜனவரியில்தான் பிறந்தேன் போலிருக்கிறது.

வழக்கு ஆகஸ்ட் 9. உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். வீடு என் புருஷன் கம்தோன் பேரில் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தை மாவட்ட அலுவலகத்தில் பதியவில்லை. பெரியவர்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள், அதற்கு நீதிமன்றத்தில் ரசீது கிடையாது. அதனால் வீட்டுக்குப் பணம் கட்டியது யார் என்பதுதான் கேள்வி. மாதம் ஐந்தாம் தேதி, ஆறாயிரத்து நானூறு பாத், நூற்றெட்டுத் தவணை. எல்லாம் என் நூடுல்ஸ் கடைப் பணம். அவன் இப்போது தான் கட்டியதாகச் சொல்கிறான். இல்லை என்று காட்ட எனக்கு இருந்தது அந்த ஒன்பது வருஷம்தான். அதை நீ குப்பையில் போட்டுவிட்டாய்.

தெரியாமல் செய்தாயா, தெரிந்து செய்தாயா என்று மட்டும் எழுது.

பாலிதா

ராயோங்
ஜூலை 5

ஜியாப் அக்காவுக்கு,

பாலிதா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்குமா? வீட்டில் இருபது பேர் கூப்பிட்ட ஜியாப் என்ற பேர் என்ன பாவம் செய்தது? பேரை மாற்றச் சொன்ன அந்தத் துறவி அதையும் வேண்டாம் என்றாரா?

தெரிந்து செய்தாயா என்று கேட்கிறாய். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். நீ சொன்னதைத்தான் செய்தேன். நடந்ததைக் கேள்.

ஏப்ரலில் நீ பேரை மாற்றினாய். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவளுக்குப் பேரில் 'ச' வரக் கூடாதாம், அப்பா வைத்த பேரில் இரண்டு 'ச' இருந்ததாம், கடை தீப்பிடித்ததற்கும் கம்தோன் போனதற்கும் அதுதான் காரணமாம். சரி, உன் பேர், உன் இஷ்டம். வங்கியிலும் பேரை மாற்றினாய். கணக்கு எண் அதேதான். ஆனால் சிவப்புப் பைக்கு எண் மட்டும் போதாது, பேரையும் பார்க்கும். பேர் வேறு என்றதும் இவள் யாரோ புது ஆள் என்று நினைத்து, பாலிதா பேரில் இன்னொரு கணக்கைத் திறந்துகொண்டது. வங்கி தன் பங்குக்குக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் அதற்கு அனுப்பியது. அதனால்தான் இரண்டு கணக்கு, இரட்டைப் பணம்.

அன்று போனில் நான் கேட்டேன்: "அக்கா, ரெண்டுல எது இருக்கணும்?" நீ குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாய்: "பழைய பேர்ல இருக்கிறதத் தூக்கிடு. அந்தப் பேரு இந்த வீட்ல எங்கயும் இருக்கக் கூடாது." இது உன் வாயிலிருந்து வந்தது. அதே ஏப்ரலில் புது வருஷ விடுமுறைக்கு வந்த என்னை ஏணியில் ஏற்றிக் கடைப் பலகையில் பழைய பேருக்கு மேல் வெள்ளை அடிக்க வைத்தவள் நீ. நாட்காட்டியில் இருந்ததைக்கூடக் கத்தரியால் வெட்டினாய். இந்தக் கணக்கை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதிருக்கட்டும். வங்கிப் பாஸ்புத்தகங்கள் எங்கே? ஒன்பது வருஷத்துக்கும் இருக்குமே, அதை வக்கீலிடம் கொடு.

தூய்

பிரே
ஜூலை 8

தூய்க்கு,

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டாயாம், அவள் சொன்னாளாம், இவர் அழித்தாராம். கல்லூரியில் கணினி படித்தவனுக்கு, அழிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தெரியாதா? பேரை எடுக்கச் சொன்னால் பேரை எடுக்க வேண்டும். பலகையில் வெள்ளை அடிக்கச் சொன்னேன், கடையை இடிக்கச் சொல்லவில்லை.

நான் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ படிப்பை முடித்தபோது உனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தது கம்தோன். பிங் ஆற்றில் மீன் பிடிக்கப் போனதும் நீங்கள் இரண்டு பேரும்தான். அவன் என்னை விட்டுவிட்டு லம்பாங்கில் போய் உட்கார்ந்த பிறகும் அவன் பிறந்தநாளுக்கு நீ வாழ்த்து அனுப்பினாய். அவன் தங்கச்சி என்னிடம் காட்டினாள், கேக் படத்தோடு. அக்காவை நடுத்தெருவில் விட்டவனுக்குக் கேக்.

நான் வங்கிக்கும் போனேன். இரண்டு வருஷத்துக்கு முந்தையதைத் தேட அறுபது நாள் ஆகுமாம். எந்தத் தேதி, எந்தக் குறிப்பு எண் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தருவார்களாம். குறிப்பு எண் எல்லாம் எங்கே இருந்தது? நீ அழித்ததில். கவுண்டரில் இருந்த பெண், வயது இருபத்திரண்டு இருக்கும், "பாலிதாங்கிற பேர்ல ஜனவரிக்கு முன்னாடி எதுவுமே வரலியே, பாட்டி" என்றாள். பாட்டியாம். எனக்கு நாற்பத்தொன்று.

பாஸ்புத்தகத்தைப் பற்றிக் கேட்காதே.

பாலிதா

ராயோங்
ஜூலை 12

அக்கா,

மோட்டார் சைக்கிளை ஒரு வருஷம் முன்பே விற்றுவிட்டேன். விற்ற பணம் எங்கே போனது என்று தீப்பிடித்த உன் கடைக்குப் புதிதாகப் போட்ட அடுப்பைக் கேள். இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், நீதான் சொல்ல வைக்கிறாய்.

கேக் அனுப்பினேன், உண்மை. பத்து வருஷம் அண்ணன் என்று கூப்பிட்டவனை ஒரே நாளில் கூப்பிடாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அது என் புத்திக் குறைவு, திருட்டு இல்லை. உன் வீட்டை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுக்கிற ஆள் நான் என்று நீ நினைத்தாய் பார், அதை நான் மறக்க மாட்டேன். வழக்கு முடிந்த பிறகும் மறக்க மாட்டேன்.

இனி வேலையைப் பேசுவோம். நான் அழித்தது தப்பு. நீ சொன்னதால்தான் அழித்தேன், ஆனாலும் தப்பு. பழைய கணக்கை வைத்துக்கொண்டு, வங்கித் தொடர்பைப் புதியதிலிருந்து கழற்றிப் பழையதில் மாட்டி, அப்புறம் புதியதை அழித்திருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். உன் கணினியில் இருக்கிற பேக்கப்பும் உதவாது. அது கடைசிப் பத்து நாள் பிரதியைத்தான் வைத்திருக்கும். நீ தினமும் கடையைத் திறக்கும்போது சிவப்புப் பையையும் திறந்து மூடி, பத்தையும் வெறுமையாக்கிவிட்டாய்.

ஆனால் பழைய லேப்டாப்பில் அது அப்படியே இருக்கும். பிப்ரவரியில் கம்தோன் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முதல் நாள்தான் நான் கணக்கு முழுவதையும் உன் புதுக் கணினிக்குப் பிரதி எடுத்தேன். அவன் அதில் குத்துச்சண்டை பார்ப்பான், வேறெதையும் தொட மாட்டான். அடுத்த வாரம் சனி, ஞாயிறு, திங்கள் மழைக்கால நோன்பு விடுமுறை. லம்பாங்குக்குப் போகிறேன்.

பாஸ்புத்தகத்தைப் பற்றி இரண்டாவது தடவை கேட்கிறேன்.

தூய்

பிரே
ஜூலை 15

தூய்,

போகாதே. அவன் வழக்குக்காரன். நீ அவன் வீட்டு வாசலில் நின்றால், என் தம்பி மிரட்ட வந்தான் என்று அவன் வக்கீல் எழுதுவான். அவன் குடித்திருப்பான், நீயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாய்.

அடுப்பைப் பற்றி நீ அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பாஸ்புத்தகங்கள் யோம் ஆற்றில் இருக்கின்றன. பேர் மாற்றிய சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே, பழைய பேர் அச்சடித்த எல்லாவற்றையும் வாழைமட்டையில் கட்டி, ஊதுபத்தி ஏற்றி ஆற்றில் விட்டேன். ஏழு பாஸ்புத்தகம். துறவி அப்படிச் சொல்லவில்லை. பேரை மாற்றினால் மனசு லேசாகும் என்று மட்டும்தான் சொன்னார். இது நானே செய்தது. பாலம் வரைக்கும் மிதந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இப்போது சிரி.

போகாதே.

பாலிதா

ராயோங்
ஜூலை 24

அக்கா,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கட்டு. பஸ் கதவில் மாட்டிக்கொண்டது.

லேப்டாப் என்னிடம் இருக்கிறது. ஒன்பது வருஷமும் இருக்கிறது. முதல் வரி 2558 ஜூலை 5, வீட்டுத் தவணை, 6,400.

உன் கணினிக்குள் வந்து சரி பண்ணியும் விட்டேன். இப்போது ஒரே கணக்கு, பணமும் ஒரு தடவைதான் காட்டுகிறது. ஆனால் ஜனவரியும் பிப்ரவரியும் இரண்டு பக்கத்திலும் இருந்ததால் அந்த வரிகள் இரட்டிப்பாக வந்திருக்கின்றன. நீயும் ஒரு தடவை பார். ஒரே தேதி, ஒரே தொகை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடாதே. ஜனவரி 17-ல் ஐஸுக்கு முந்நூற்று நாற்பது பாத் இரண்டு தடவை கொடுத்திருக்கிறாய். திருவிழாக் கூட்டம், இரண்டும் நிஜம். குறிப்பு எண் வேறு வேறாக இருந்தால் விட்டுவிடு. ஒரு தடவை சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன்.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நீ குறிப்பு எழுதியிருக்கிறாய். 'மழை, கடை இல்லை.' 'பன்றி விலை ஏறிவிட்டது.' தவணைகளைத் தேடும்போது 2563 அக்டோபரில் ஒன்றைப் படித்துவிட்டேன். 'மருத்துவமனை, 2,150. பெண்.' அதற்கு மறுநாள் தவணை, 6,400. அந்த மாதம் நான் உனக்குப் போன் பண்ணி, பரீட்சைக்குப் பணம் கேட்டுச் சண்டை போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உன் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று இப்போது தெரியவில்லை.

நூற்றெட்டுத் தவணையின் குறிப்பு எண்களையும் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வக்கீல் அம்மாவிடம் பேசினேன். இரண்டு தாள் வேண்டுமாம். ஒன்று வங்கிக்கு விண்ணப்பம். பழைய பேரில் இருந்த கணக்கு என்பதால் பழைய பேரில் எழுதி, பழைய கையெழுத்தும் போட வேண்டும். இன்னொன்று நீதிமன்றத்துக்கு, இரண்டு பேரும் நான்தான் என்று உன் கையால் எழுதிய உறுதிமொழி. கம்தோனின் வக்கீல் ஏற்கனவே மனுவில் எழுதிவிட்டானாம்: "பாலிதாங்கிறவங்க இந்த வீட்டுக்குக் கட்டினது ஆறே தவணைதான்."

தூய்

பிரே
ஜூலை 27

தூய்,

பஸ் கதவாம். நேற்று கம்தோன் என் கடைக்கு வந்தான். தாடை ஒரு பக்கம் வீங்கி, கிண்ணத்து நூடுல்ஸை மெல்ல முடியாமல் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உன் தம்பி எனக்கு லேப்டாப்புக்கு ஐந்நூறு பாத் குடுத்துட்டுத்தான் அடிச்சான்" என்றான். ரசீதும் வாங்கிக்கொண்டு போனாயாமே. அவனுக்குச் சிரிப்பு வேறு. நான் முழு விலை வாங்கினேன், கொத்தமல்லிகூட அதிகம் போடவில்லை. போகாதே என்று எழுதினேனே, உனக்குக் கடிதம் படிக்கத் தெரியுமா? அவன் போலீசுக்குப் போகாமல் இருப்பது அவன் நல்லவன் என்பதால் இல்லை, வெட்கத்தால்.

அந்த வரியை யார் உன்னைப் படிக்கச் சொன்னது? அது கணக்கு இல்லை. எழுத வேறு இடம் இல்லாததால் அங்கே எழுதினேன். குழந்தை வயிற்றிலேயே போன அன்றைக்குக் கம்தோன் ஊரில் இல்லை. அம்மாவிடம் சொன்னால் ஊருக்கே சொல்வாள். பணம் கட்டிவிட்டு வந்து கணினியைத் திறந்தேன், என்ன செலவு என்று அது கேட்டது. அது ஒன்றுதான் அன்றைக்கு என்னிடம் ஏதாவது கேட்டது. அதனால் சொன்னேன்.

இப்போது புரிகிறதா, அந்தப் பேர் எனக்கு ஏன் ஆகாது என்று? கடையோ கம்தோனோ காரணம் இல்லை. மருத்துவமனையில் வரிசையில் வைத்து அந்தப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டார்கள், சத்தமாக. இன்றைக்கும் யாராவது அந்தப் பேரைச் சொன்னால் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அப்பா மேல் பழி போட்டேன் என்று உனக்குக் கோபம். எழுத்தைச் சாக்குச் சொன்னேன், அவ்வளவுதான். துறவியிடம் இதையா சொல்ல முடியும்?

இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன். வக்கீல் அம்மா வேறு வழி பார்க்கட்டும். அந்தப் பேரை எழுதித்தான் வீடு கிடைக்கும் என்றால், எனக்கு வீடு வேண்டாம். கடையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

ஜியாப்

ராயோங்
ஜூலை 30

ஜியாப் அக்கா,

உன் கடிதத்தைத் தொழிற்சாலைக் கேண்டீனில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாத இடம்.

ஜியாப் என்று கையெழுத்துப் போட்டதற்கு நன்றி. அதற்காக உன்னை விட்டுவிட மாட்டேன். நீ கத்தினால் நான் போனை வைக்கிறவன்தான். ஆனால் இது கடிதம், நீயும் வைக்க முடியாது.

வீடு வேண்டாம் என்கிறாய். யாருடைய வீட்டை வேண்டாம் என்கிறாய்? பாலிதா கட்டியது ஆறு தவணை, அந்த வக்கீல் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். மிச்சம் நூற்றிரண்டைக் கட்டியவள் வேறொருத்தி. விடியும் முன்னால் எழுந்து குழம்பு வைத்தவள் அவள். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே ஆறாயிரத்து நானூறு கட்டியவளும் அவள்தான். அவளைத்தான் ஊதுபத்தி ஏற்றி ஆற்றில் விட்டாய். அவள் இருந்ததே இல்லை என்று ஒரு முட்டாள் மென்பொருள் நினைத்தது, அவள் தம்பி ஐந்து நிமிடத்தில் அவளை அழித்தான், இப்போது அவள் புருஷனும் நீதிமன்றத்தில் அதையே சொல்லப் போகிறான். நீயும் அதையேதான் சொல்கிறாய். நாம் நான்கு பேரும் ஒரே கட்சி.

பழைய கணக்கைத் திறந்தபோது மேலே அந்தப் பேர் இருந்தது. மாற்றிவிடலாமா என்று தோன்றியது, ஒரு நொடி வேலை. மாற்றவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதையும் தொட மாட்டேன். இந்தக் கடிதங்களில் ஒன்றில்கூட அந்தப் பேரை நான் எழுதவில்லை, கவனித்தாயா? எழுத வேண்டியவள் நீ.

வங்கி ஒரு வாரம் கேட்கிறது. ஆகஸ்ட் 2-க்குள் கொடுத்தால்தான் 9-க்குக் கிடைக்கும்.

தூய்

பிரே
ஆகஸ்ட் 2

தூய்க்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். நாம் நான்கு பேரும் ஒரே கட்சி என்று எழுதினாயே, அதற்கு நீ எதிரில் இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன்.

இன்றைக்குக் கடையை மூடிவிட்டு வங்கிக்குப் போனேன். அதே பெண். விண்ணப்பத்தைத் தள்ளி, "பழைய பேரச் சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை, தாளை இழுத்து எழுதினேன். பயத்தோடு இல்லை, ஆத்திரத்தோடு. இத்தனை வருஷம் அடுப்பில் வெந்தவளை மூன்று மாதத்துக்காரி ஒருத்தி வீட்டைவிட்டுத் துரத்தினாளே என்று. கம்தோனாவது துரத்துவதற்கு முன்னால் சண்டை போட்டான். நான் அதுகூடச் செய்யவில்லை.

அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பெட்டியிலிருந்து பழைய அட்டையை எடுத்தாள். அதில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு முப்பத்திரண்டு. இன்றைய கையெழுத்து கோணல்தான், ஆனாலும் அவளுடையது என்று தெரிகிறது. "சரியா இருக்கு" என்றாள். பாட்டி என்று சொல்லவில்லை.

புதன்கிழமை தருகிறார்களாம். வக்கீல் அம்மாவிடம் உறுதிமொழியும் கொடுத்தாயிற்று. பேரை நான் திரும்ப மாற்றப் போவதில்லை. கடைப் பலகையில் பாலிதாதான் இருப்பாள், அவளும் பாவம், இப்போதுதான் வந்திருக்கிறாள். ஆனால் கணக்கின் மேல் இருக்கிற அந்தப் பேரைத் தொடாதே. அது அவள் சம்பாதித்தது.

9-ம் தேதி காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிடு. வழக்கைக் கூப்பிடும்போது என்னுடைய இரண்டு பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பழையதைக் கூப்பிடும்போது நீ பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும். சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம், நான் எதையும் மறக்கவில்லை. போனில் தடையை எடுத்துவிட்டேன், ஆனாலும் கூப்பிடாதே, வா.

இரண்டு 'ச'வும் போட்டு,
சாய்சமோன்